எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த சனிக்கிழமை

பஸ் நிலையத்தில் என் சிநேகிதி என்னைக் கட்டிப்பிடித்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்த நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் அப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டவர்கள் அல்ல. கண்டால் தலையை ஆட்டுவோம், 'என்னடி மெலிஞ்சு போனாய்' என்போம், அதோடு சரி. அன்றைக்கு மொன்றியல் பஸ் நிலையத்தில், என் தோள்பையை இறக்கி வைக்கக்கூட விடாமல், அவள் என்னைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய குளிர்ச்சட்டையில் சோற்று ஆவியும் சவர்க்காரமும் கலந்த ஒரு மணம் இருந்தது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்கிற வேலை அவளுக்கு; வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். "விடடி, ஆக்கள் பாக்கினம்" என்று சிரித்தேன். விட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு என் பையைத் தூக்கினாள். பிரெஞ்சுக்காரரோடு பழகி இவளும் கெட்டுப்போனாள் என்று நினைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

என் அம்மா அதற்கு முதல்நாள், வியாழக்கிழமை, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இறந்துபோயிருந்தார். என்னைக் கட்டிப்பிடித்தவளுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை நான் மொன்றியலை வாயைப் பிளந்து பார்த்துத் திரிந்தபோது, அம்மா அங்கே அண்ணன் வந்து சேரும்வரை காத்துக் கிடந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்திருந்து பிறகு எடுத்துக் காட்டுகிற விளையாட்டு எனக்கு வேண்டாம். அதில் நான் பட்டது போதும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. ஊரில் சண்டை நின்று, பாதை திறந்து, கனடாவில் நிரந்தரமாக இருக்கப் பேப்பர் கிடைத்தவர்கள் எல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போய்வந்த காலம். நான் போக முடியாது. என் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்பி வர வழியில்லை. ஆனாலும் ரொறன்ரோவில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, 'அம்மாவுக்கு ஒண்டெண்டால் வழக்காவது மண்ணாவது, நான் பிளேன் ஏறிடுவன்' என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லித் திரிந்தேன். ஊரிலிருந்து செய்தி வந்ததும் அண்ணனுக்கு முதலில் நினைவு வந்தது என்னுடைய அந்தப் பேச்சுத்தானாம். சொன்னால் இவள் போய்விடுவாள், போனால் அங்கேயே அகப்பட்டுக்கொள்வாள், ஆகவே எரித்து முடியும்வரை சொல்லக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். எங்கள் ஆட்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. சோதனை எழுதுகிற பிள்ளைக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு, பேப்பர் இல்லாதவருக்குச் சாவுச் செய்தியை ஒளிப்பது எங்களிடம் ஒரு கடமை மாதிரி நடக்கிறது. அன்பு இருப்பதால்தான் ஒளிக்கிறோம் என்று எல்லாரும் நம்புகிறார்கள்.

ஆனால் ரொறன்ரோவில் ஒரு தமிழ்ச் சாவை ஒளிப்பது லேசான வேலை அல்ல. அங்கே தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வரும். சமைக்கிறவர்களும் கார் ஓட்டுகிறவர்களும் அந்த நேரம் கதையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். இறந்தவருடைய ஊர் தொடங்கி, பிள்ளைகளின் பெயரும் அவர்கள் இருக்கிற நாடும்வரை விடாமல் வாசிப்பார்கள். என் பெயரையே வாசித்துவிடுவார்கள். போதாததற்குத் தமிழ்க் கடைகளின் கண்ணாடிக் கதவில் படத்தோடு நோட்டீஸ் ஒட்டுவார்கள். அம்மாவின் படத்தைத் தாண்டித்தான் நான் கறிவேப்பிலை வாங்கப் போக வேண்டியிருக்கும். அதனால் என்னை ஊரைவிட்டே கிளப்ப வேண்டும் என்று அண்ணன் கண்டுபிடித்தார். மொன்றியலில் இருந்த என் சிநேகிதிக்குக் கோல் எடுத்து விஷயத்தைச் சொன்னார். அன்றைக்குப் பின்னேரமே அவள் எனக்கு எடுத்து, "எத்தினை வருசமாக் கேக்கிறன், நாளைக்கே பஸ் ஏறி வா, சனி ஞாயிறு ஊர் சுத்திப் பாப்பம்" என்றாள். அண்ணனிடம் கேட்கப் பயந்துகொண்டு கேட்டேன். சப்வே வரை கொண்டுபோய் விடுவதற்கே முகத்தைச் சுளிக்கிற மனிதர், தானே காரில் ஏற்றிப்போய் பஸ் நிலையத்தில் விட்டார். தானும் வேலை விஷயமாக ஒட்டாவாவுக்குப் போவதாகச் சொன்னார். தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவருக்கு ஒட்டாவாவில் என்ன வேலை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்களுக்குப் புத்தி கொஞ்சம் மட்டுத்தான்.

சனிக்கிழமை காலையில் எழும்பியதும் டெலிபோன் கார்டை எடுத்தேன். சனிக்கிழமை அம்மாவோடு கதைக்கிற நாள். என் குரலைக் கேட்காவிட்டால் அன்றைக்கு அம்மா இரவுச் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சிநேகிதி என் கையிலிருந்து கார்டை வாங்கினாள். "இஞ்சத்தை லைனிலை இந்தக் கார்ட் வேலை செய்யாது. நீ முகத்தைக் கழுவு, நான் அடிச்சுப் பாக்கிறன்" என்று டெலிபோனைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே போனாள். பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த அவளுடைய அப்பார்ட்மென்டில் சுவர்கள் மெல்லியவை. அவள் இலக்கங்களை அழுத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. திரும்ப அழுத்தினாள். பேந்தும் அழுத்தினாள். அவள் யாருக்கும் அடிக்கவில்லை, வெறுமனே பட்டன்களை அழுத்திக்கொண்டு நின்றாள் என்பதை எவ்வளவோ காலம் கழித்து ஒருநாள் அவளே சொன்னாள். "கிடைக்கேல்லை. நாளைக்கு எடுப்பம்" என்று வந்தாள். ஊருக்கு லைன் கிடைக்காமல் போவது அப்போது சாதாரணம்தான். எனக்குக் கொஞ்சம் மனம் குறைந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருப்பாவே என்று சொன்னேன். அவள் என் சப்பாத்தை எடுத்துக் கால்மாட்டில் வைத்தாள்.

முதலில் ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். புரட்டாசி மாதம். சந்தை முழுக்கத் தக்காளியும் மிளகாயும் பூசணியும் குவிந்து கிடந்தன. கத்தரிக்காய்கள் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கின. விற்கிறவர்கள் பழத்தை வெட்டி வெட்டி எங்கள் கையில் வைத்தார்கள். என் சிநேகிதி பிரெஞ்சில் அவர்களோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து நான் அசந்துபோனேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ரீச்சருக்கு முன்னால் வாயே திறவாதவள் அவள். மீன் கடைக்கு முன்னால் வந்ததும் நான் நின்றேன். கணவாய் இருந்தது. இவள் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள். சின்ன வயதில் மீனுக்காக விரதத்தை முறித்து அடி வாங்கியவள். "கணவாய் வாங்குவமோடி?" என்றேன். "நான் புரட்டாசிச் சனி பிடிக்கிறன்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். "அப்ப நாளைக்குக் காய்ச்ச வாங்குவம்." "நாளைக்கும் மரக்கறிதான்." "ஞாயிற்றுக்கிழமையுமோ? நீ எப்ப இவ்வளவு சைவமானனீ?" என்று கேட்டுச் சிரித்தேன். கத்தரிக்காயும் வாழைக்காயும் வாங்கினாள். செத்தவீட்டுக்காரர் மீன் மச்சம் தொடக் கூடாது. நான் தொடாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

பிறகு மெட்ரோ ஏறிப் பழைய மொன்றியலுக்குப் போனோம். கல் பதித்த தெருக்கள், கறுத்துப்போன பெரிய தேவாலயங்கள், குதிரை வண்டிகள், வாசலில் பூந்தொட்டி வைத்த சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள். கனடா என்றால் ஸ்காபரோவின் அகன்ற ரோடும் கார் நிறுத்துகிற வெளியும் என்று மட்டும் தெரிந்த எனக்கு அது வேறொரு உலகமாக இருந்தது. கனடாவுக்கு வருகிற வழியில் ஒரு வருடத்துக்கு மேல் பரிஸ் நகரத்தில் அகப்பட்டுக் கிடந்தவள் என் சிநேகிதி. "உனக்கு இப்ப பரிசுக்குப் போக ஏலாது. இதைப் பரிஸ் எண்டு நினைச்சுப் பார்" என்றாள். நினைத்துப் பார்த்தேன். குதிரைக்குப் பக்கத்தில் நின்றேன், தேவாலயப் படியில் நின்றேன், கடைக் கண்ணாடியில் தொப்பி போட்டுப் பார்த்தேன். நான் கொண்டுபோன சின்னக் கமெராவை அவள்தான் வைத்திருந்தாள். என்னை எடு, என்னை எடு என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று சிரித்தேன். அவளும் கண்ணில் வைத்துக் கிளிக் பண்ணினாள். ரொறன்ரோவில் பிறகு கழுவிப் பார்த்தபோது ஒன்றிலும் நான் இல்லை. குதிரை வால், கோயில் கூரை, விளக்குக் கம்பம், புறா, யாரோ ஒரு மனிதரின் முதுகு. படம் எடுக்கத் தெரியாதவள் என்று முதலில் நினைத்தேன். அந்தச் சனிக்கிழமைத் தேதியில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு படம் என் வாழ்நாள் முழுக்க என் கையில் இருக்கக் கூடாது என்று அவள் நினைத்திருக்கிறாள். இன்றைக்கும் அந்தப் படங்களை நான் எறியவில்லை.

பழைய துறைமுகத்துப் பக்கம் நடந்தபோது ஐஸ்கிறீம் வண்டி ஒன்று நின்றது. ஆற்றுக் காற்றுக் குளிர்ந்தது, ஆனாலும் எனக்கு ஆசை வந்துவிட்டது. வாங்கித் தாடி என்று சின்னப்பிள்ளைபோல் கேட்டேன். அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு வாங்கித் தந்தாள், ஒன்றுதான். தனக்குப் பல்வலி என்றாள். ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, தூரத்தில் கிழக்குப் பக்கமாகக் கப்பல்களிலிருந்து பெட்டிகளை இறக்குகிற பெரிய பாரந்தூக்கிகளைப் பார்த்துக்கொண்டு நான் ஐஸ்கிறீம் குடித்தேன். வந்த நாள்முதல் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று அவளிடம் சொன்னேன். அது உண்மை. வழக்கை மறந்திருந்தேன், அண்ணன் வீட்டின் ஒடுங்கின அறையை மறந்திருந்தேன். "அம்மாவையும் ஒருநாள் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்து காட்டவேணும்" என்றேன். அவள் எழும்பி, குப்பைத் தொட்டி தேடுவதாகச் சொல்லிக் கொஞ்சத் தூரம் நடந்துபோனாள். கையில் போடுவதற்கு ஒரு குப்பையும் இருக்கவில்லை.

திரும்பி வருகிற வழியில், எங்கள் ஆட்கள் கும்பிடுகிற கோயில் அவளுடைய வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறது என்று தெரிந்ததும், போவோம் என்று பிடிவாதம் பிடித்தேன். அம்மாவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரு அர்ச்சனை செய்தால், லைன் கிடைக்காத குறை தீரும் என்று நினைத்தேன். "எனக்குக் கோயிலுக்கு வர ஏலாது" என்றாள் அவள் மெதுவாக. பெண்களுக்குள் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. "அப்ப நீ வெளியிலை நில், நான் போட்டு வாறன்." "தனியப் போகாதை. இன்னொருக்கால் வரேக்கை ரண்டு பேருமாப் போவம்." கெஞ்சுகிற மாதிரிச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, விருந்தாளியின் ஆசையை இப்படியா தட்டுவது என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன். உண்மையில் துடக்கு எனக்குத்தான். பெற்ற தாய் இறந்து வீட்டில் கிடக்க, மகள் கோயில் வாசல் மிதிக்க முடியாது. செத்தவரின் பெயருக்கு அர்ச்சனையும் செய்ய முடியாது. என்னுடைய துடக்கை அவள் தன்னுடையதாக்கிச் சொல்லி என்னைத் தடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிற நேரம் என்னைத் தட்டி எழுப்பினாள். மலைக்குப் போய்ச் சூரியன் எழும்புகிறதைப் பார்ப்போம் என்றாள். லீவு நாளில் என்னடி கொடுமை என்று புறுபுறுத்துக்கொண்டே கிளம்பினேன். நகரத்தின் நடுவில் இருக்கிற அந்த மலையில் ஏறி, மேலே கல் மதில் கட்டிய முகப்பில் நின்றால், கட்டடங்களும் ஆறும் பாலங்களும் காலுக்குக் கீழே தெரியும். நாங்கள் போன நேரம் ஆற்றுக்கு அப்பால் வானம் சிவந்துகொண்டு வந்தது. மரங்கள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. அவள் தன் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொலித்தீன் பையை எடுத்தாள். அதற்குள் பச்சையரிசியும் துருவிய தேங்காய்ப்பூவும் கலந்திருந்தது. "புறாவுக்குப் போடு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொன்றியல் புறாவுக்குத் தேங்காய்ப்பூவும் வேணுமோடி?" "சிரியாதை. ஒழுங்காப் போடு. வலது கையாலை போடு." அவளுடைய குரலில் ரீச்சர்மாரின் கண்டிப்பு இருந்தது. மூன்று முறை அள்ளிப் போட்டேன். "ஆரையெண்டாலும் நினைச்சுக்கொண்டு போடு" என்றாள். நான் என் வழக்கை நினைத்துக்கொண்டு போட்டேன்.

அந்த நேரம் ஊரில் பின்னேரம். அம்மாவை வீட்டிலிருந்து எடுக்கிற நேரம். எடுக்குமுன் பெண்கள் எல்லாரும் வரிசையாக வந்து வாய்க்கரிசி போடுவார்கள். அரிசியும் தேங்காய்ப்பூவும் கலந்து வைத்திருப்பதைச் செத்தவீடுகளில் நானும் கண்டிருக்கிறேன். மலை உச்சியில், குளிரில், புறாக்களுக்கு முன்னால் அது எனக்கு நினைவு வரவில்லை. அண்ணனிடம் நேரம் கேட்டு வைத்திருந்து, நான் எழும்புமுன், சத்தம் கேட்காமல் இருக்கக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேங்காய் துருவி, என்னை அவ்வளவு தூரம் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். அண்ணன் சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்டார். மற்ற எதையும் அவர் கேட்கவில்லை. அவளாகவே செய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே என்னை மறித்து, புறா நின்ற இடம், நேரே போய்த் தலை முழுகிவிட்டு வா என்றாள். தோய்ந்துவிட்டுத் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். டெலிபோன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள். "ஓம்... ஓம்... முடிஞ்சுதோ... ஓம், சொல்லுறன். இல்லை, இப்பவே சொல்லுறன். இனி ஒரு நிமிசமும் என்னாலை வைச்சிருக்க ஏலாது" என்று சொல்லி வைத்தாள். அடுப்பை அணைத்தாள். வந்து எனக்கு முன்னால் நிலத்தில் இருந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். "உன்ர அம்மா போயிட்டா. வியாழக்கிழமை. நித்திரையிலை போனவா. இப்பதான் எரிச்சவை, உன்ர அண்ணைதான் கொள்ளி வைச்சவர்."

நான் உடனே அழவில்லை. எனக்கு வந்தது கோபம். தலையில் கட்டியிருந்த ஈரத் துவாயை அவிழ்த்து அதாலேயே அவளை அடித்தேன். "அம்மா வீட்டிலை கிடக்க என்னை ஐஸ்கிறீம் குடிக்க விட்டியேடி. கிடக்கக் கிடக்கச் சிரிக்க வைச்சியேடி" என்று கத்தினேன். அவள் கையை உயர்த்தித் தடுக்கவும் இல்லை, விலகவும் இல்லை. "ஓம்" என்றாள். "அடி." துவாய் பிடித்த கை எனக்கே நொந்த பிறகுதான் அழுகை வந்தது. அவள் என் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள். அந்த அப்பார்ட்மென்டின் மெல்லிய சுவர்களுக்குள் நான் எழுப்பிய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவி வந்து கதவைத் தட்டினாள். சிநேகிதி பிரெஞ்சில் இரண்டு சொல் சொன்னாள். கிழவி உள்ளே வந்து, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, எங்களோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள். அம்மாவின் செத்தவீட்டுக்கு என் பக்கத்தில் வந்த ஒரே ஆள் அந்த மனுசிதான்.

மத்தியானத்துக்குப் பிறகு என்னால் கதைக்க முடிந்தது. அம்மாவுக்கு என்ன சேலை உடுத்தினார்கள் என்று கேட்டேன். அவள் உடனே சொன்னாள், "மயில் கழுத்து நிறம். உன்ர அண்ணை இஞ்சையிருந்து கொண்டுபோனது. தலைக்கு மல்லிகைச் சரம் வைச்சவை." யார் தலைமாட்டில் இருந்தார்கள், யார் ஒப்பாரி சொன்னார்கள், பேரப்பிள்ளைகள் இல்லாத வீட்டில் யார் பந்தம் பிடித்தார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். ஒன்றுக்கும் அவள் தடுமாறவில்லை. அயல் வீட்டுப் பிள்ளைகள் பந்தம் பிடித்ததையும், வாசல் படலைவரை பெண்கள் போனதையும், எங்கள் நாய் சுடலை மட்டும் பின்னால் போய்த் திரும்பி வந்ததையும், பாடையில் கிடந்த அம்மாவின் முகம் நோய்க் களை இல்லாமல் இருந்ததையும் ஒரு பிசகில்லாமல் சொன்னாள். இதெல்லாம் நான் கேட்பேன் என்று தெரிந்து, ஒவ்வொன்றையும் ஊரில் இருந்தவர்களிடம் எரிக்குமுன்னும், நான் அழுது களைத்துக் கிடந்தபோதும் விசாரித்து நெஞ்சில் வைத்திருந்திருக்கிறாள். பின்னேரமாகும்போது நான் அந்தச் செத்தவீட்டுக்குப் போய்வந்தது மாதிரித்தான் இருந்தது.

அவளுடைய அம்மா இறந்தபோது யார் இப்படிச் சொன்னது என்று அப்போதுதான் கேட்டேன். அவளுடைய அம்மா முன்னரே இறந்தது எனக்குத் தெரியும், அதைப்பற்றி நாங்கள் கதைத்ததில்லை. அவள் சேலைத் தலைப்பைப்போல் சட்டை நுனியைத் திருகிக்கொண்டு இருந்தாள்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையடி. நான் பரிசிலை பேப்பர் இல்லாமல் நிண்டனான். சொன்னால் அழுவன் எண்டு விட்டிட்டினம். அம்மாவுக்கு முழங்கால் வலியெல்லே, நான் ஊருக்குப் போற ஆக்களிட்டைக் களிம்பு வாங்கிக் குடுத்துவிடுவன். அம்மா பூசினவா, இப்ப சுகம், நடக்கிறா எண்டு சொல்லுவினம். கதைக்கக் கேட்டால், இப்பதான் கோயிலுக்குப் போனவா எண்டு சொல்லுவினம். நானும் கால் சுகம் எண்டபடியாத்தான் கோயிலுக்குப் போறா எண்டு சந்தோசப்பட்டனான். பேந்து ஊரிலையிருந்து வந்த ஒருத்தர் கடையிலை கண்டிட்டு, கொம்மான்ர ஆட்டைத் திவசத்துக்கு நல்ல சனம் எண்டார். எனக்குத் தெரியும் எண்டு நினைச்சுத்தான் சொன்னவர், பாவம். வருசத் திவசமே முடிஞ்சுது. நான் கையிலை களிம்பு வைச்சுக்கொண்டு நிண்டனான்."

அவ்வளவையும் சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள். வியாழக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்தது முழுவதும் வந்தது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். என் அம்மாவுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு பேரும் அழுதோம்.

அண்ணன் மீசை மழித்த முகத்தோடு ரொறன்ரோவுக்கு வந்தார். நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. அவர் செய்தது எனக்கு நல்லதுதான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். வழக்கு வென்றேன், பேப்பர் கிடைத்தது, இன்றைக்கு இந்த நாட்டில் சொந்த வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். அன்றைக்குப் பிளேன் ஏறியிருந்தால் இதில் ஒன்றும் இல்லை. எல்லாம் விளங்குகிறது. விளங்கியும் என் கோபம் ஆறவில்லை. என்னைக் கேட்டு முடிவு செய்திருக்க வேண்டும். நான் போகாமல் விட்டிருந்தால் அது என்னுடைய துக்கமாக இருந்திருக்கும். சிநேகிதியோடு மட்டும் எனக்கு ஒரு கோபமும் மிஞ்சவில்லை. அவளிடம் ஒப்படைத்த பொய்க்குள் நின்றுகொண்டு அவளால் முடிந்த அளவுக்கு என்னை என் அம்மாவுக்கு மகளாக வைத்திருந்தாள்.

அவள் பிறகு கலியாணம் கட்டினாள், ஒரு மகள் பிறந்தாள். வருடத்துக்கு ஒருமுறையாவது நான் மொன்றியலுக்குப் போவேன். அதே சந்தை, அதே தெருக்கள். கணவாய் வாங்குவாள், கோயிலுக்குக் கூட்டிப்போவாள். மகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, எங்களோடு தமிழைத் தேடித்தேடிக் கதைப்பாள். சில வருடங்களுக்கு முன் சிநேகிதிக்கு நோய் வந்தது. வந்ததையும் அது என்ன நோய் என்பதையும் டொக்டர் சொன்ன அன்றைக்கே எனக்குக் கோல் எடுத்துச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் மோசமானதையும் சொன்னாள். போய்ப் பார்த்தேன், திரும்பவும் போனேன். கடைசிமுறை வரும்போது இன்னொரு கிழமையில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது சிநேகிதியின் மகள் கோல் எடுத்தாள். எங்கள் ஆட்கள் இதற்கென்று வைத்திருக்கிற சொற்கள் எவ்வளவோ உண்டு. கொஞ்சம் சுகமில்லை என்பார்கள், கடுமையாக இருக்கிறது என்பார்கள், வெளிக்கிட்டு வாருங்கள் என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அவை ஒன்றும் தெரியாது.

"அன்ரி, அம்மா செத்துப்போனா. இப்பதான். நான் பக்கத்திலை நிக்கிறன்."

அந்தப் பக்கத்தில் அவள் மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. பிறகு, பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவிக்கிற பிள்ளைபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அம்மா சொன்னவா, அன்ரிக்கு உடனை சொல்லவேணும், ஒண்டும் ஒளிக்கக்கூடாது எண்டு. நான் சரியாச் சொன்னனானோ?"

"ஓம் பிள்ளை" என்றேன். "சரியாச் சொன்னாய்."